இடது பின்கதவு

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பாக்கி வைத்திருந்த கணக்கு வாத்தியார் செத்து இருபத்து மூன்றாம் நாள், அவருடைய கார் பேட்டரிக்காரரின் பட்டறை வாசலில் வந்து நின்றது. வந்து நின்றது என்று மரியாதைக்குச் சொல்லலாம். உண்மையில் இன்னொரு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"பேட்டரி புதுசுண்ணா. போட்டு ஒரு மாசம்கூட ஆகல," என்றாள் வாத்தியாரின் மகள். "ராத்திரி நிறுத்தினா காலையில செத்துக் கிடக்குது. இது மூணாவது தடவை."

சொன்ன பிறகு, அந்த ஒரு சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாதவள்போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பேட்டரிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். வண்டியிலும் முன்பக்கத்தைத்தான் பார்த்தார். இடது பின்கதவின் பக்கம் கண் போகாமல் இருக்க, குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பேட்டரி இறங்கியதற்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

அது முன்பு வாடகைக்கு ஓடிய வண்டி. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே, மேலிருந்து கீழ்வரை தடித்த பிளாஸ்டிக் தடுப்பு. எடுத்தால் கூரைத் துணி கிழிந்துவிடும் என்று வாங்கியவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள். வலது பின்கதவு எப்போதோ அடிபட்டு நசுங்கி, மூன்று வருடமாகத் திறப்பதில்லை. பின்னால் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் இடது கதவு வழியாகத்தான். இது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பேட்டரிக்காரருக்கும் தெரியும்.

"இன்னொண்ணுண்ணா," என்றாள் அவள். "அப்பா உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. அன்னிக்கு உங்களைப் பாக்கத்தான் கிளம்பினாரு. காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறவரு, எப்பவும் நான்தான் பின்கதவத் திறந்து ஏத்தி இறக்குவேன். கவர்ல பணத்தையும் உங்க பில்லையும் வச்சு, பேனாவயும் சொருகி, சட்டைப் பையில வச்சிருந்தாரு. கொடுத்துட்டு பில்லுல கையெழுத்து வாங்கணும்னாரு. வழியில மருந்துக்கடை. அவரை வண்டியிலயே விட்டுட்டு ஒரு நிமிஷம்னு நிறுத்தினேன். கூட்டம். நாப்பது நிமிஷம் ஆயிருச்சு." நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியில திருப்பிக் கொடுத்த துணியில கவர் இல்ல. நான் வேற தர்றேன்."

"வேணாம்மா. விடுங்க."

"அவருக்குப் பிடிக்காதுண்ணா. பாக்கின்னா அவருக்குத் தூக்கம் வராது."

பேட்டரிக்காரர் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அங்கே இருட்டாக இருந்தது. அது அவருக்கு வசதியாக இருந்தது.

---

அந்தப் பாக்கி உண்மையில் எந்த வேலைக்கு என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இடது பின்கதவின் பூட்டு சரியாக விழவில்லை என்று வாத்தியார் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் போயிருந்தது. புதிதாகப் போடவேண்டும். பேட்டரிக்காரர் பழைய இரும்புக்கடையில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டினார். கையில் காசுக்குத் தட்டுப்பாடான மாதம் அது. அந்த மோட்டாருக்கு உயிர் பாதிதான். பூட்டு பாதி விழுந்து பாதி நின்றது. ஓடும்போது யாராவது தெரியாமல் கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். ஆகவே கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்ட் லாக் நெம்புகோலை ஸ்குரூடிரைவர் முனையால் கீழே தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. பாதுகாப்புக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டியை எடுக்க வந்த வாத்தியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். கணக்கு வாத்தியார் இல்லையா, ஏன் என்று கேட்காமல் விடமாட்டார்.

பிறகு பில் எழுதினார். அவர் எழுத்துக் கற்றது முப்பத்தெட்டு வயதில். மகளின் ஒன்றாம் வகுப்பு நோட்டில் அவள் எழுதி முடித்த வரிகளுக்குக் கீழே, அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதிப் பழகியது. அந்தக் கையால் பெரிய பெரிய எழுத்தாக, அழுத்தி எழுதினார்: 'லாக் மோட்டார் புதுசு. கூலி உள்பட 1840.' வாயால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். அவை காற்றோடு போயின. கையால் எழுதிய முதல் பொய் அதுதான்.

வாத்தியார் பில்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கே," என்றார். கேலி இல்லை. மனதாரச் சொன்னார். "மாசம் பொறந்ததும் தந்துர்றேன்," என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாராட்டுதான் இப்போது எலும்புவரை குத்தியது.

---

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குகிறது என்றால், எல்லாரும் தூங்கிய வீட்டில் எங்கோ ஒரு குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். எந்தக் குழாய் என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவே மீட்டரைக் கோத்துவிட்டால் ஒழுகுகிற கரண்ட் எவ்வளவு என்று அது காட்டும். ஆனால் வண்டி தூங்கவேண்டும். இந்தக் காலத்து வண்டிகள் சாவியை எடுத்த உடனே தூங்குவதில்லை. கதவெல்லாம் மூடி, ஆள் யாரும் இல்லை என்று அதற்கு உறுதியான பிறகு, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு கண்ணயரும். இந்த வண்டிக்கு நாற்பது நிமிடம்.

வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டார். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே இருந்ததால் டிரைவர் கதவைத் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. அதன் பூட்டுக்கொக்கியை ஸ்குரூடிரைவரால் அழுத்தி, கதவு மூடியாகிவிட்டது என்று வண்டியை நம்பவைத்தார். பானெட்டை விரல்கிடை இடைவெளியோடு இறக்கி, மீட்டரை முன்கண்ணாடிமேல், உள்ளிருந்தும் எண் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார். தகரக்கூரை வெயிலில் சடசடத்தது. நாற்பது நிமிடத்தில் மீட்டர் இறங்கி முப்பதில் நின்றது. முப்பது மில்லி ஆம்பியர். தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி. ஒரு குறையும் இல்லை.

பிறகு, டக்.

மீட்டர் நாலு ஆம்பியருக்குத் துள்ளியது. வண்டி விழித்துக்கொண்டது. உள்ளே எங்கோ ஒரு ரிலே முனகிற்று.

மெல்ல இறங்கியது. மறுபடி டக். மறுபடி துள்ளல்.

"என்ன மச்சான்," என்று அடுத்த கடைப் பஞ்சர்காரர் எட்டிப் பார்த்தார். "காலையிலேர்ந்து நீ வண்டியப் பாக்கிறியா, வண்டி உன்னப் பாக்குதா?"

"இது தூங்கமாட்டேங்குது."

"தாலாட்டு பாடிப் பாரேன். உன் குரலுக்குத் தூங்காட்டியும் மயக்கம் போட்டுரும்."

பேட்டரிக்காரர் சிரிக்கவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரேடியோ இல்லை. ஹாரன் இல்லை. உள்விளக்கு இல்லை. கதவுப் பூட்டு ஃபியூஸைப் பிடுங்கியதும் துள்ளல் நின்றது. நான்கு கதவுகளின் வயர்களையும் தனித்தனியாகக் கழற்றினார். எது என்று அவருக்குக் கழற்றும் முன்பே தெரியும்.

இடது பின்கதவு.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பாதி உயிர் மோட்டார் உளறுகிறது, அவ்வளவுதான். யாரும் அறியாமல் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். அன்று மதியமே தன் காசில் புது மோட்டார் வாங்கி வந்தார். கதவின் உள்தட்டைக் கழற்ற உட்கார்ந்தபோதுதான் கைப்பிடியைப் பார்த்தார்.

கறுப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி. அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியிருந்தது. பிளாஸ்டிக் அப்படி வெளுப்பது ஒரு தடவை இழுத்தால் அல்ல. மறுபடி மறுபடி, உடம்பு எடையெல்லாம் போட்டு இழுத்தால்தான். உள்ளே இருந்த கம்பி இழுபட்டு நீண்டு, தொய்ந்து கிடந்தது. கண்ணாடிக்குக் கீழே ரப்பர் ஓரத்தில் நான்கு கோடுகள். பக்கத்தில் இன்னும் நான்கு. கதவு ஓரத்தில் சைல்ட் லாக் அவர் தட்டிவிட்ட இடத்திலேயே, கீழே, இருந்தது.

தன் நான்கு விரல்களை அந்தக் கோடுகளின்மேல் வைத்துப் பார்த்தார்.

பிறகு நெம்புகோலை மேலே தள்ளினார். புது மோட்டாரை மாட்டினார். கைப்பிடியைக் கழற்றி வேறொன்று போட்டார். வெளுத்த கைப்பிடியைக் கழிவு டிரம்மில் போட்டு, மேலே இரண்டு உடைந்த விளக்குகளையும் ஒரு கட்டு வயரையும் போட்டு மூடினார். ரப்பர் ஓரத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். கோடுகள் போகவில்லை.

---

மாலையில் அவள் வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணா?"

"பழைய வயரும்மா. லீக் ஆகுது. மாத்திட்டேன். ராத்திரி ஒரு தடவ பாத்துட்டு நாளான்னிக்குத் தர்றேன். நாளைக்கு இந்த வரிசையே லீவு."

அவள் போகவில்லை. இடது பின்கதவைத் திறந்து, காலியான சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியிலிருந்து அது எப்போதும் ஒழுங்காகத் திறக்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க வண்டி தெரிஞ்சவரு." குரல் இறங்கியது. "அவர் ஏன் கதவத் திறந்துட்டு இறங்கல? புழுங்கினா இறங்கி நிழல்ல நின்னிருக்கலாமே. இதயம், தூக்கத்துலயே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ராத்திரியெல்லாம் அதையே யோசிக்கிறேன். நான் வண்டியப் பூட்டிட்டுப் போனதாலதான்னு… உள்ளேர்ந்து திறக்கலாம்தானே? தூக்கத்துலதானே போயிருப்பாரு?"

சொல் வாய்வரை வந்தது. நாக்கில் உப்புக்கரித்தது. நீ ஒரு தப்பும் செய்யலம்மா, நான்தான், என்று நான்கைந்து சொல்லில் முடிகிற காரியம். இந்தப் பெண் இன்றிரவு தூங்குவாள்.

"ஆமாம்மா," என்றார் பேட்டரிக்காரர். "உள்ளேர்ந்து நல்லாத் திறக்கும். தூக்கத்துலதான்."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணா," என்றாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் நிமிரவில்லை.

---

இருட்டியது. வரிசைக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பெண்டாட்டி போன் பண்ணினாள்.

"சோத்த மூடி வைக்கவா, நாய்க்குப் போடவா?"

"மூடி வை. ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"உங்க ஒரு மணி நேரத்தக் கட்டிக்கிட்டு இருபது வருசமா இருக்கேன்," என்று வைத்துவிட்டாள்.

கொசுவுக்கு ஷட்டரை உள்ளிருந்து இறக்கினார். போனைப் பெஞ்சின்மேல் வைத்தார். இந்தத் தடவை ஏமாற்று வேலை வேண்டாம் என்று வண்டியின் கதவுகளை எல்லாம் ஒழுங்காக மூடினார். மீட்டர் முன்கண்ணாடிமேல் பச்சையாக ஒளிர்ந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். பட்டறை முழுக்க ஆசிட்டும் கிரீஸும் பகல் வெயிலில் வெந்த தகரமும் கலந்த வாடை, வெளியே எங்கோ ஒரு சைக்கிள் போகிற சத்தம், பிறகு அதுவும் இல்லாமல், சுவர்க் கடிகாரம் மட்டும் யாரோ நகத்தால் தட்டுவதுபோல நொடி நொடியாய் நகர்ந்தது. நாற்பது நிமிடம். மீட்டர் முப்பதில் நின்றது. அப்பாடா என்று அவர் எழுந்தார்.

டக்.

நாலு ஆம்பியர்.

புது மோட்டார். வேறு கைப்பிடி. நெம்புகோல் மேலே. அவர் டிரைவர் பக்கம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, பூட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்ன நீலத் துண்டு. கதவை மூடினார்.

டக். துள்ளியது.

பேட்டரியின் இன்னொரு வயரையும் கழற்றித் தூர மடக்கினார். இப்போது வண்டியில் ஒரு துளி கரண்ட் இல்லை. மீட்டர் பூஜ்யம்.

டக்.

அப்போதுதான் அவர் காது அதைச் சரியாகக் கேட்டது. முப்பது வருடமாக மோட்டார் சத்தம் கேட்ட காது. இது மோட்டார் இல்லை. பிளாஸ்டிக் கைப்பிடி முழுவதும் இழுபட்டு, கை தளர்ந்து, திரும்பத் தன் இடத்தில் அடிக்கிற சத்தம்.

உள்ளிருந்து.

டக்.

கொஞ்ச நேரம். டக்.

இளைப்பாறி, மறுபடி இழுக்கிற மாதிரி.

அவர் காலுக்கு ஷட்டர் பக்கம்தான் போகவேண்டும் என்று இருந்தது. கை மட்டும் இடது பின்கதவுக்குப் போயிற்று. வெளியிலிருந்து திறந்துவிட்டால் போதும். அன்றைக்கு யாராவது இதைச் செய்திருந்தால் போதும். திறந்தார்.

யாரும் இல்லை. மதிய வெயிலில் மூடிக் கிடந்த வண்டியின் சூடு முகத்தில் அடித்தது. மணி இரவு பத்து. வியர்வை வாடை. சுண்ணாம்புக்கட்டி வாடை. உள்விளக்கு எரிந்தது. எரியக்கூடாது, ஆனால் எரிந்தது. சீட்டின் வலது கோடியில், முதுகுச் சாய்வுக்கும் சீட்டுக்கும் நடுவே, ஒரு கவரின் நுனி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

பணத்துக்காக இல்லை. அதை அவர் பிறகும் தனக்குச் சொல்லிக்கொண்டார். உள்ளே அந்த பில் இருக்கிறது. 'புதுசு' என்று, தன் கையால், அழுத்தி எழுதியது. நாளான்னிக்கு அந்தப் பெண் சீட்டைத் துடைப்பாள். எடுப்பாள். படிப்பாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுவாள்.

ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றிக் கையை நீட்டினார். எட்டவில்லை. மற்ற முழங்காலையும் வைத்தார். விரல் கவரைத் தொட்டது. ஈரமாக இருந்தது.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அடித்து மூடவில்லை. தூங்குகிறவரை எழுப்பாமல் ஒரு மகள் மூடுவதுபோல, மெதுவாக.

திரும்பிக் கைப்பிடியை இழுத்தார். டக். திறக்கவில்லை. அவரே மாட்டிய கைப்பிடி. டக். அவரே மேலே தள்ளிய நெம்புகோல். டக். தடுப்புக்கு அப்பால், முன்கண்ணாடிமேல், வயர் கழற்றிய மீட்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் துள்ளியது. நாலு. நாலு. நாலு. தடுப்பைத் தோளால் இடித்தார். கண்ணாடியை முட்டியால் குத்தினார். பெஞ்சின்மேல் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. சூடு ஏறியது. மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்க மறுத்தது.

சீட்டின் மறுகோடி அமுங்கியது.

அவர் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லாமல் இல்லை, முகம் இல்லை. அந்த முகத்தைப் பார்ப்பதற்குத் தன்னிடம் ஒரு முகம் இல்லை. கவர் கையிலிருந்து உருவப்பட்டது. எச்சில் தொட்ட பெருவிரல் தாள்மேல் உரசும் சத்தம். ஒன்று. இரண்டு. அவசரமே இல்லாமல். எண்ணி முடித்த தாள்கள் அவர் மடியில் வைக்கப்பட்டன. சில்லறையும். அதன்மேல் பில். அதன்மேல் பேனா.

பெரிய பெரிய எழுத்துகள். கீழே, வாத்தியாரின் சின்னச் சீரான கையெழுத்தில், அன்று காலையிலேயே எழுதி வைத்தது: 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு.

பேட்டரிக்காரர் பேனாவை எடுத்தார். வியர்வை தாளில் சொட்டியது. 'புதுசு' என்பதை அடித்தார். மேலே 'பழசு' என்று எழுதினார். போதவில்லை. பக்கத்தில், இடுக்கி இடுக்கி, 'கதவு உள்ளிருந்து திறக்காது. எனக்குத் தெரியும்' என்று எழுதினார். கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்.

"தப்புதாங்க வாத்தியாரே," என்றார். "என்னைத் திறந்து விட்டுருங்க. அவகிட்ட நானே சொல்லிர்றேன்."

பில் அவர் விரலிடுக்கிலிருந்து போயிற்று.

சீட்டு எழும்பியது. மூன்று வருடமாகத் திறக்காத வலது பின்கதவு திறந்தது. ஒரு நொடி குளிர்ந்த காற்று. யாரோ ஒரு காலைத் தாங்கித் தாங்கி இறங்கினார். கதவு மூடியது. அவர் பாய்ந்து அதைப் பிடித்தார். நசுங்கிய தகரம். துரு. அசையவில்லை.

நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

உள்விளக்கு மங்கியது. மஞ்சளாகி, செம்பாகி, கம்பி மட்டும் தெரிந்தது. பச்சை வெளிச்சம் ஒன்றுதான் மிச்சம். அந்த வெளிச்சத்தில், வண்டிக்கு வெளியே, பானெட்டில் ஒரு கையை ஊன்றி, காலையிலிருந்து தான் நின்ற அதே இடத்தில் ஒருவர் நிற்பதைப் பேட்டரிக்காரர் பார்த்தார். நின்றவர் மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மீட்டரைப் பார்த்தபடி காத்திருந்தார். விடை வரும்வரை பையன் பக்கத்தில் நிற்கிற வாத்தியார் மாதிரி.

மடியில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இருந்தது. ஒன்றும் குறையவில்லை.

பேட்டரிக்காரர் கைப்பிடியை இழுத்தார்.

மீட்டர் துள்ளியது. வெளியே நின்றவர் கண்ணை மீட்டருக்குக் கிட்டே கொண்டுபோய் எண்ணைப் படித்தார்.